வாயில்லா ஜீவனும் வழிமறிப்பவரும் நாமும்

துல்ஹஜ் பிறை தென்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே ஆந்திரத்திலிருந்து ஆட்டு லாரிகள் ஜி.என்.டி. சாலை வழியே தெற்கு நோக்கி வரத் தொடங்கிவிடுகின்றன. தடாவைத் தாண்டி, ஆரம்பாக்கம், எளாவூர் சோதனைச் சாவடி, கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை, செங்குன்றம் என்று அவை சென்னைக்குள் நுழைகின்றன. கேரளத்துக்குப் போகும் மாட்டு லாரிகளும் ஆந்திரத்திலிருந்து தமிழகச் சாலைகள் வழியாகத்தான் செல்கின்றன. இந்த லாரிகளை வழிமறித்து, உள்ளே நெரிந்து கிடக்கும் கால்நடைகளைப் படம் பிடித்து, போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பதும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. வழிமறிப்பவர்கள் தங்களைப் பிராணி நல ஆர்வலர்கள் என்கிறார்கள். நம்மவர்களோ, "இவர்களுக்கு ஆட்டின் மேல் அன்பில்லை, குர்பானியின் மேல்தான் வெறுப்பு" என்று கூறி அத்துடன் பேச்சை முடித்து விடுகிறார்கள்.

பேச்சு அத்துடன் முடியக்கூடியதன்று. அவர்கள் சொல்வதில் முரண்பாடு உண்டா? உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி விட்டால் லாரிக்குள் கால் முறிந்து கிடக்கும் ஆட்டுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் தீர்ந்து விடுமா? இதைத்தான் இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம்மைச் சாலையில் நிறுத்தும் சட்டம் ஏதோ வடநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று பலர் எண்ணுகின்றனர். அதன் வேர் சென்னையில்தான் இருக்கிறது. அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1953-ம் ஆண்டில் பிராணிவதைத் தடுப்புக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அரசாங்கமே மசோதா கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன் பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. 1960-ம் ஆண்டில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அம்மையாரே தலைமை ஏற்றார். பின்னாளில் அரியானாவுக்கு மாற்றப்படும் வரை வாரியத்தின் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது.

அச்சட்டத்தின் 28-வது பிரிவை நம்மவர்களில் விவரமறிந்தவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்தச் சமூகத்தினரும் தம் மதம் வேண்டும் முறைப்படி ஒரு பிராணியை அறுப்பது இச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்பதே அதன் கருத்து. சரிதான். ஆனால் அந்தப் பிரிவு காப்பது அறுக்கும் முறையை மட்டுமே. லாரியை அது காக்கவில்லை. ஏற்றி வரும் பயணத்துக்கு 1978-ம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள் தனியே உள்ளன. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. கால் வழுக்காதிருக்கத் தரையில் விரிப்பு வேண்டும். உடன் ஓர் ஆள் வரவேண்டும். ஆடுகளாயின் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். தரையில் வைக்கோல் பரப்ப வேண்டும். வழிக்குத் தேவையான தீனியும் தண்ணீரும் வேண்டும். இவ்விதிகளில் எதைப் படித்தாலும் நம் மார்க்கத்துக்கு மாறான ஒரு சொல் அதில் இல்லை. சொல்லப்போனால் இவற்றில் புதிதாகவும் ஒன்றுமில்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செய்த கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், எகிப்தில் ஒட்டகங்களின் மீது ஆயிரம் ராத்தல் வரை சுமை ஏற்றுவதாகக் கேள்விப்பட்டு, அறுநூறு ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாது என்று அங்குள்ள ஆளுநருக்கு எழுதினார்கள் என்பது வரலாறு. பாரத்துக்கு வரம்பு விதிப்பது அரசின் வேலை என்று பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவெனில், 1960-ம் ஆண்டுச் சட்டப்படி கொடுமை செய்தவருக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல் என்றிருக்கிறது. ஒரு கிலோ தக்காளியின் விலை! ஆனால் பிடிபட்ட கால்நடைகளை, வழக்கு முடியுமுன்பே காப்பகங்களிடம் ஒப்படைக்க 2017-ம் ஆண்டு விதிகள் இடமளித்தன. ஆகவே வியாபாரி அஞ்சுவது அபராதத்துக்கன்று. முதலே போய்விடுமே என்றுதான். இரவில் ஒளித்துக் கொண்டுவருவதும், ஒரே லாரியில் இரண்டு லாரிச் சரக்கைத் திணிப்பதும் இந்த அச்சத்தால் கூடுகின்றனவேயன்றிக் குறையவில்லை. கொடுமையைத் தடுக்கப் புறப்பட்டது கொடுமையைப் பெருக்குவதை இங்கே காண்கிறோம்.

வழிமறிப்பவர்களில் எல்லோரும் ஒரே ரகத்தினர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் அடிபட்ட நாயைத் தூக்கிச் சென்று மருந்திடுபவர் ஒருவகை. சென்னையில் 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் சங்கம் இவ்வகையைச் சேர்ந்தது. நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் முறையை அச்சங்கம் 1964-லேயே தொடங்கிற்று. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததைப் படிக்கும் நாம், இவ்வேலையைப் பழிக்க இயலாது. (நாயின் எச்சில் அசுத்தம் என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நம் தெருப் பிள்ளைகள் அதன்மேல் கல்லெறிவதை வேடிக்கை பார்க்கும் பெற்றோருக்கும் இந்த ஹதீஸ் பொருந்தும்.)

இன்னொரு வகையினர் பிராணியின் பெயரால் மனிதனை அடிப்பவர்கள். 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசின் கால்நடைத் துறை அதிகாரிகள் ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்குச் சென்று, அரசுப் பண்ணைக்காக உயர்ரகப் பசுக்களை வாங்கி லாரியில் ஏற்றி வந்தனர். பார்மர் மாவட்டத்தில் ஒரு கும்பல் அவர்களை மறித்துத் தாக்கியது. அந்தப் பசுக்கள் வளர்ப்பதற்காக வாங்கப்பட்டவை; அறுப்பதற்காக அன்று. கையில் அரசாங்கப் பத்திரங்களும் இருந்தன. அரசு அதிகாரிக்கே இக்கதியென்றால், லாரி ஓட்டும் ஏழை டிரைவரின் கதியை எண்ணிப் பாருங்கள். இவர்களை ஆர்வலர் என்று அழைப்பதே பிழை.

முதல் வகையினரிடம்தான் நமக்குப் பேச்சு. அவர்கள் நெஞ்சில் இரக்கம் இருப்பதை ஒப்புக்கொண்டே சில கேள்விகளைக் கேட்கிறோம்.

காலையில் பால் குடிக்கிறீர்கள். பசு கன்று போட்டால்தான் பால். பிறப்பதில் பாதி காளைக் கன்றுகள். டிராக்டர் வந்த பிறகு பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் உழவுக்குக் காளை வைத்திருப்போர் எத்தனை பேர்? கறவை நின்ற பசுவும் உழவற்ற காளையும் எங்கே போகின்றன என்று பால் குடிப்பவர் கேட்பதில்லை; அவை லாரியில் போகும்போது மட்டும் கேட்கிறார். சந்தைகளில் அறுப்புக்காகக் கால்நடை விற்பதைத் தடுக்கும் விதிகளை 2017 மே மாதத்தில் மத்திய அரசு கொண்டுவந்தபோது, மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை ஒரே வாரத்தில் நிறுத்தி வைத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அப்போது கவலைப்பட்டவர் முஸ்லிம் கசாப்புக்காரர் மட்டுமன்று. கிழட்டு மாட்டை விற்றுக் கன்று வாங்க நினைத்த இந்து விவசாயியும்தான். விற்க வழியில்லாவிடின் அவர் என்ன செய்வார்? அவிழ்த்து விடுவார். அது குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பையைத் தின்று, வயிறு உப்பி, பல நாள் கிடந்து சாகும். அந்தச் சாவை யாரும் படம் பிடிப்பதில்லை.

முட்டையைப் பாருங்கள். நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு முழுத்தாள் காகிதத்தின் அளவுகூட இல்லை. ஆயுள் முழுவதும் அது சிறகை விரிப்பதில்லை. முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவற்குஞ்சுகள் பொரித்த நாளிலேயே அழிக்கப்படுவது அத்தொழிலின் வழக்கம். ஒரு பெருநாளன்று ஒரு நொடியில் முடியும் அறுப்புக்கு நாடே திரண்டு பேசுகிறது. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நடக்கும் இதற்கோ ஒருசிலரே குரல் கொடுக்கின்றனர்.

தோலின் கதை நம் சமூகத்துக்கு நேரடியாகத் தெரிந்தது. 2000-ம் ஆண்டில் அமெரிக்கச் சங்கமான பெட்டா, இந்தியத் தோலுக்கு எதிராக உலகெங்கும் இயக்கம் நடத்தியது. மேல்நாட்டுப் பெரிய கடைகள் சில நம் தோலைத் தவிர்ப்பதாக அறிவித்தன. பெரியமேட்டு மண்டிகளும் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளரும் கலங்கினர். தோலுக்குப் பதில் எதை அணிவது? ரெக்சின். ரெக்சின் எதிலிருந்து வருகிறது? பெட்ரோலிய எண்ணெயிலிருந்து. அந்த எண்ணெய் பிராணிகளை என்ன செய்யும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் உள்ளவர்களிடம் கேளுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடல் கறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. கூழைக்கடா நாரைகள் சிறகெல்லாம் எண்ணெய் அப்பிப் பறக்கவியலாமல் நின்றன. அந்தப் பறவைகள் மீது எவரும் கத்தி வைக்கவில்லை. எவரும் கொல்ல நினைக்கவுமில்லை. கொன்றவர் யார் என்று விரல் நீட்ட ஒரு முகம் இல்லாததால் அந்தக் கொடுமைக்கு வேகமாக மறதி வந்து விடுகிறது. பிஸ்மி சொல்லி அறுப்பவனுக்கோ முகம் இருக்கிறது, தொப்பியும் இருக்கிறது.

அதே பெட்டா சங்கம் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு காப்பகம் நடத்துகிறது. அங்கு வந்து சேரும் நாய் பூனைகளில் பெரும்பாலானவற்றை ஊசி போட்டுக் கொல்வதாக ஆண்டுதோறும் அது அரசுக்குக் கணக்குத் தருகிறது. வேறெவரும் ஏற்காத, பிழைக்க வழியற்ற பிராணிகளை வேதனையிலிருந்து விடுவிப்பதாக அச்சங்கம் விளக்கம் கூறுகிறது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். வேதனையின்றி உயிரைப் போக்குவது சில வேளைகளில் கருணை என்று அவர்களே ஏற்கிறார்கள் அல்லவா? பிறகு, விரைந்த அறுப்பு எப்படி இயல்பிலேயே கொடுமையாகும்?

இத்தனையும் சொன்ன பின் நம்மவர்கள் மகிழ்ந்து தலையாட்டுவார்கள் என்பது தெரியும். சற்றுப் பொறுங்கள். பிறருடைய முரண்பாடு நமக்கு ஆதாரமாகாது. பெட்டாவின் 2000-ம் ஆண்டு இயக்கம் காட்டிய கொடுமைகள் கட்டுக்கதையல்ல. நடக்க முடியாமல் விழுந்த மாட்டை எழுப்ப அதன் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பதும் வாலை முறுக்கி எலும்பை ஒடிப்பதும் இந்நாட்டின் கால்நடைப் பாதைகளில் நடந்தவைதாம். அப்படி வந்த மாட்டின் கறி நம் வீட்டுச் சட்டியில் கொதித்திருக்கிறது. நமக்குச் சட்டம் அந்த ஆர்வலர் சொல்வதன்று. நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்வது. அவை என்ன சொல்கின்றன?

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நம் தமிழகத்து மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ஷாஃபிஈ நூல். அதில் ஜீவனாம்சம் பற்றிய பாடத்தில், மனைவி, மக்கள், பெற்றோர் இவர்களுக்குச் செலவிடும் கடமையைச் சொல்லி வரும் இமாமவர்கள் அதே வரிசையில் பிராணிகளையும் சேர்த்துள்ளார்கள். தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன் மீது கடமை. கொடுக்க மறுப்பவனை, தீனி போடு, அல்லது விற்று விடு, அல்லது உண்ணத்தக்க பிராணியாயின் அறுத்து விடு என்று கட்டாயப்படுத்த வேண்டும். கன்றுக்கு இடர் வருமளவு கறக்கவும் கூடாது. மூன்றே வழிகள் இருப்பதைக் கவனியுங்கள். தெருவில் அவிழ்த்து விடுவது என்ற நான்காவது வழி அதில் இல்லை. பட்டினி போட்டு வைத்திருப்பதும் இல்லை. பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதன் பொருட்டே நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. ஆந்திரத்திலிருந்து சென்னை வரை ஒருவாய்த் தண்ணீரின்றி வரும் ஆட்டின் நிலை அப்பூனையின் நிலையினும் மேலானதா?

சுல்தானுல் உலமா என்று போற்றப்படும் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-ல் மறைந்த ஷாஃபிஈ மேதை. மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகள் இவையிவை என்று அவர்கள் தம் சட்ட அடிப்படைகள் பற்றிய நூலில் தனியே குறித்திருக்கிறார்கள். மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும். தாங்காத சுமை ஏற்றலாகாது. முட்டியோ மிதித்தோ அதைக் காயப்படுத்தும் பிராணிகளோடு சேர்த்து அடைக்கலாகாது. அறுத்தால் அழகாக அறுக்க வேண்டும். உயிர் அடங்குமுன் தோலை உரிக்கவோ எலும்பை முறிக்கவோ கூடாது. அதன் குட்டியை அது பார்க்க அறுக்கலாகாது. பிராணிகளின் உரிமை என்பது மேல்நாட்டார் சென்ற நூற்றாண்டில் கண்டுபிடித்தது என்று எண்ணுவோரும், அது நமக்கு விரோதமான சொல் என்று எண்ணுவோரும் இதை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். நெரிசலான லாரி, 'காயப்படுத்தும் பிராணிகளோடு சேர்த்து அடைப்பது' அன்றி வேறென்ன?

அறுப்பைப் பற்றி நம் வீடுகளில் ஓரளவு தெரியும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம். கத்தியைத் தீட்டுவதும் பிராணிக்கு நிம்மதி அளிப்பதும் நபிகளாரின் கட்டளை. கிடத்திய ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரை, அதை இருமுறை சாகடிக்க விரும்புகிறாயா என்னும் கருத்தில் பெருமானார் கண்டித்தார்கள். ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துச் சென்றவரை, மரணத்தை நோக்கி நல்லவிதமாக நடத்திச் செல்லும்படி ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அதட்டினார்கள். இன்று ஒரு கூடத்தில் பத்து ஆடுகளை வரிசையாகக் கட்டி, ஒன்றின் இரத்தத்தை மற்றொன்று மோந்து பார்க்க அறுக்கிறோம். பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தைத்தான் பிறகு அந்த ஆர்வலரும் எடுத்துக் காட்டுகிறார்.

நம்மவர் பலர் எண்ணிப் பார்க்காத ஒரு விஷயத்துக்கு வருவோம். திருமறையின் அல்மாயிதா அத்தியாயத்தில் விலக்கப்பட்டவற்றின் பட்டியலில், கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது, முட்டப்பட்டுச் செத்தது ஆகியவை வரிசையாக வருகின்றன. நெரிசலான லாரியில் நிகழும் சாவுகள் இந்நான்கேயாகும். இறக்கும்போது மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றை அவசரமாக அறுத்துக் கறியோடு கறியாகக் கலந்து விடும் வியாபாரி இருந்தால், அது ஹராம் நம் வீட்டுக்குள் நுழையும் வாசல். அடுத்தது குர்பானி. வெளிப்படையான ஒற்றைக்கண் குருடு, வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டி, எலும்பில் மஜ்ஜையற்ற மெலிவு இவை நான்கும் உள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது என்பது பராஉ (ரலி) அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸ். ஊரில் ஏற்றும்போது குறையற்றிருந்த ஆடு, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது காலை இழுத்து நடந்தால் அது குர்பானிக்குத் தகுதி இழந்து விட்டது. லாரியில் நடந்த கொடுமை குர்பானியையே கெடுக்கிறது! "லாரி எங்கள் பொறுப்பன்று" என்று சொல்வதற்கு இனி இடமேது?

கறி ஹலாலா என்று கேட்பார்கள். முறைப்படி அறுக்கப்பட்டிருந்தால் கறி ஹலால்தான். வழியில் பட்ட கொடுமை அதை ஹராமாக்கி விடாது. ஆனால் கொடுமையின் பாவம் தனியே நிற்கிறது. அது செய்தவனோடு நிற்குமா, அறிந்தே அவனிடம் மேன்மேலும் வாங்குபவனையும் தொடுமா என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். அல்லாஹ்வைச் சென்றடைவது மாமிசமும் இரத்தமும் அல்ல, நம் இறையச்சமே என்று சூரத்துல் ஹஜ்ஜில் வந்திருப்பது குர்பானியைப் பற்றியே.

சரி, கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் என்னதான் செய்யக்கூடும்? சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு ஆந்திரச் சந்தைக்குப் போய் வர நேரமில்லை. ஆனால் பழவேற்காடு, ஊத்துக்கோட்டைக் கிராமங்களில் ஆடு வளர்ப்போர் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி வைத்தால் நடத்தியே கொண்டுவரத்தக்க தூரத்தில் ஆடு கிடைக்கும். விலை சிறிது கூடலாம். லாரி வாடகை மிச்சம். வாங்கிய ஆட்டைப் பெருநாள் வரை மாடிப்படியின் கீழ் வெயில் படக் கட்டி வைக்காதீர்கள். பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி விளையாடுவதைச் சிரித்துக்கொண்டு பார்க்காதீர்கள். ஒட்டகம் வேண்டுமென்று ஆசைப்படுவோரும் முன்பு இருந்தனர். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒட்டக அறுப்புக்குத் தடை விதித்தபோது சிலர் வருந்தினர். பல நூறு மைல் கொண்டுவரப்பட்டு, இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் வாடி நின்ற பிராணியைப் பற்றி வருந்தியவர் குறைவு. ஆடு இருக்க, அந்தத் தடையால் எவருடைய குர்பானியும் தடைப்படவில்லை.

வாரந்தோறும் வாங்கும் கோழியிலும் கவனம் வேண்டும். காலைக் கட்டிச் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் கோழிகளைத்தான் பிஸ்மி சொல்லி அறுக்கிறார் கடைக்காரர். அவரிடம் ஒரு கூடை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் சொன்னால் செய்து விடுவார். இதற்குச் சட்டமும் வேண்டாம், ஆர்வலரும் வேண்டாம்.

கூட்டுக் குர்பானி நடத்தும் ஜமாஅத்துகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஒரே வியாபாரியிடம் நூறு ஆடு வாங்கும் முத்தவல்லி, விலை பேசும்போதே நிபந்தனையையும் பேசிவிடலாம். மருத்துவர் சான்று இருக்க வேண்டும். வைக்கோலும் தண்ணீரும் இருக்க வேண்டும். இறக்கும்போது நொண்டுவதையும் மயங்கிக் கிடப்பதையும் எடுத்துக்கொள்ள மாட்டோம், காசும் தரமாட்டோம். நூற்றில் ஆறு ஆடு திரும்பிப் போனால் அந்த நஷ்டம் வியாபாரிக்கு. மறுவருடம் அவரே லாரியில் ஆட்டைக் குறைத்து வைக்கோலைக் கூட்டி விடுவார். பத்திரங்கள் சரியாக உள்ள லாரியை எளாவூரில் எவர் மறித்தாலும் டிரைவர் பயமின்றி இறங்கிப் பின்கதவைத் திறந்து காட்டலாம்.